தண்ணி வழியறது, மோட்டாரை அணைங்கோ!

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டில் தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு சுப்ரபாதம் கேட்கும்.

"தண்ணி வழியறது! யாராவது மோட்டாரை அணைங்கோ!"

மூன்றாவது மாடி மாமியின் குரல். கச்சேரி ரோடு வரைக்கும் கேட்கும் என்பது என் அபிப்பிராயம். எதிர் டீக்கடையிலிருந்து வாட்ச்மேன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருவார். சுவிட்சைத் தட்டுவார். மொட்டை மாடித் தொட்டி நிரம்பி, வழிந்து, மாமி காயப்போட்ட வடாம் பிளாஸ்டிக்கை நனைத்த பிறகுதான் இத்தனையும் நடக்கும்.

நான் முப்பத்தைந்து வருஷம் தொழிற்சாலைகளில் இன்ஸ்ட்ருமென்டேஷன் என்ஜினீயராகக் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். பெண் பார்க்கப் போனபோது வருங்கால மாமனார், "இன்ஸ்ட்ருமென்ட்டுன்னா... வீணையா, வயலினா?" என்று கேட்டார். மயிலாப்பூரில் அது நியாயமான கேள்விதான். "ரெண்டும் இல்லே, பாய்லர்லே எவ்வளவு தண்ணி இருக்குன்னு பாக்கற வேலை" என்றேன். அதற்கு எதற்கு ஒரு டிகிரி என்கிற மாதிரி பெண்ணின் பாட்டி என்னைப் பார்த்தாள். இந்தக் கட்டுரை அந்தப் பாட்டிக்குத் தாமதமாகச் சொல்லும் பதில்.

எங்கள் ஃபிளாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மாமியின் கண் சென்சார். குரல் டிரான்ஸ்மிட்டர். வாட்ச்மேன் கன்ட்ரோலர். சுவிட்சும் மோட்டாரும் கடைசியில் வேலையை முடிக்கிற சமாசாரம். உலகத்தில் எந்த ரிஃபைனரிக்குப் போனாலும் இதே நாலு பேர்தான், கொஞ்சம் விலை உயர்ந்த சட்டை போட்டுக்கொண்டு நிற்பார்கள். மாமி ஆறு மாசம் பிள்ளையைப் பார்க்க நியூஜெர்ஸி போனபோது சென்சார் ஃபெயில்! அசோசியேஷன் கூடி, பணம் வசூலித்து, தொட்டிக்குள் மிதவை சுவிட்ச் ஒன்றைத் தொங்கவிட்டார்கள். நாலு மாசம் ஒழுங்காக வேலை செய்தது. போர் தண்ணீரின் உப்பு படிந்து மிதவை ஒருநாள் மேலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. 'தொட்டி ஃபுல்' என்று சாதித்தது. மோட்டார் ஓடவே இல்லை. காலை ஏழு மணிக்குச் சோப்பு நுரையோடு பாத்ரூமிலிருந்து எட்டிப் பார்த்தவர்களில் அசோசியேஷன் செக்ரட்டரியும் உண்டு. மாமி திரும்பி வந்த பிறகுதான் நிம்மதி. மாமி கத்தினால் கத்தல். கத்தாவிட்டால் ஊரில் இல்லை என்று தெரியும். மிதவை அப்படியில்லை. செத்தாலும் உயிரோடிருக்கிற மாதிரியே முகத்தை வைத்துக்கொள்ளும்.

இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

*

பங்குனி உற்சவத்தின் ஏழாம் நாள் கபாலீஸ்வரர் தேர். கூட்டம் கபாலியைப் பார்க்கும். நான் சக்கரத்தைப் பார்ப்பேன். வடத்தை இழுப்பவர்களுக்குத் தேர் எங்கே திரும்புகிறது என்று தெரியாது, கவலையும் இல்லை. இழுப்பதுதான் அவர்கள் வேலை. சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடியே ஓடுகிறாரே, கையில் முட்டுக்கட்டையோடு ஒருவர், அவர்தான் என் ஹீரோ. மாடவீதி முனையில், தேர் திரும்புவதற்குச் சில அடிகள் முன்னாலேயே கட்டையைச் செருகிவிடுவார். மூலைக்கு வந்த பிறகு செருகினால் தேர் ஏதாவது ஒரு கடைக்குள் போய்ப் பட்டுப்புடவை கேட்கும். அத்தனை கனம் சொன்னவுடனே கேட்காது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்கும். அந்தக் 'கொஞ்ச நேரம்' எவ்வளவு என்பது அவர் உள்ளங்கைக்குத் தெரியும். எங்கள் புத்தகத்தில் அதற்கு 'டெட் டைம்' என்று பெயர், ஒரு அத்தியாயம் முழுக்கக் கணக்கு. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்திருக்கிறது. அங்கேயும் முட்டுக்கட்டைக்காரர்கள் வேலையிழந்துவிடவில்லை.

முட்டுக்கட்டைக்காரருக்கு யார் கற்றுக் கொடுத்தது? அப்பா. அப்பாவுக்கு? தாத்தா. இப்படியே போகும். ரிஃபைனரிக்கு அப்படித் தாத்தா கிடையாது. காலேஜ்தான்.

*

அந்த காலேஜைப் பார்க்க வேண்டுமானால் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறிக் குரோம்பேட்டையில் இறங்க வேண்டும். குரோம் தோல் பதனிட்ட கம்பெனியால் ஊருக்கே அந்தப் பெயர் வந்தது. 1949ல் சி.ராஜம் என்கிற தொழிலதிபர் அங்கே எம்.ஐ.டி.யை ஆரம்பித்தார். சொந்த வீட்டை விற்றுப் பணம் போட்டார் என்று சொல்வார்கள். சிவில், மெக்கானிக்கல் என்று எல்லாரும் நடத்துகிற படிப்பை விட்டுவிட்டு விமானம், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்ட் டெக்னாலஜி என்று நாலு வைத்தார். நாட்டில் அப்போது இன்ஸ்ட்ருமென்ட் வைக்கப் பெரிதாக ஆலையே கிடையாது. சட்டி வாங்குவதற்கு முன்னால் கரண்டி வாங்கின கதை! பி.எஸ்ஸி. முடித்தவர்களைச் சேர்த்து மூன்று வருஷம் படிக்க வைத்தார்கள். பின்னால்தான் சட்டி வந்தது. நெய்வேலி, 1969ல் மணலி ரிஃபைனரி, உர ஆலை, 1983ல் கல்பாக்கம் அணுமின் நிலையம் என்று வரிசையாக.

எம்.ஐ.டி. என்றதும் அப்துல் கலாமைச் சொல்வார்கள். அவர் விமானப் பிரிவு. எழுத்தாளர் சுஜாதாவைச் சொல்வார்கள். அவர் எலெக்ட்ரானிக்ஸ். எங்கள் பிரிவுக்கு அப்படி ஒரு நட்சத்திரம் அமையவில்லை என்று எனக்கு நெடுநாள் மனக்குறை. இன்ஸ்ட்ருமென்ட்காரன் பெயர் பேப்பரில் வருகிறது என்றால் எங்கேயோ எதுவோ வெடித்திருக்கிறது என்று அர்த்தம். வராமல் இருப்பதே மேல்.

1794ல் சர்வே பள்ளிக்கூடமாக ஆரம்பித்த கிண்டி என்ஜினீயரிங் காலேஜ், 1959ல் ஜெர்மானியர் உதவியோடு மான் மேய்கிற காட்டுக்குள் எழுந்த ஐ.ஐ.டி. என்று அடையாறைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் படிப்புக்குக் குறைவே இல்லை. அந்த வட்டத்துக்குள் இடம் கிடைத்தவர்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை. கிடைக்காதவர்கள் எங்கே போகிறார்கள்?

தி.நகருக்குப் போகிறார்கள்.

*

தி.நகர் ஒரு காலத்தில் ஏரி. மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் மனை போட்டார்கள். ஒரு நல்ல மழை பெய்தால் ஏரி தன் பழைய விலாசத்துக்கு வந்து கதவைத் தட்டும். மற்ற நாட்களில் அதே இடத்தில் ஜனம் அலையடிக்கும். ரங்கநாதன் தெருவில் நடப்பதற்கு நடை என்று பெயர் வைத்தது தப்பு. குழாயில் எண்ணெய் போகிற மாதிரி பின்னாலிருந்து வரும் அழுத்தத்தில் போகிறோம்.

அந்தப் பக்கத்தில் ஒரு சந்தில், கீழே பாத்திரக்கடை, முதல் மாடியில் பிளவுஸ் தைப்பவர், மூன்றாவது மாடியில் ஒரு பயிற்சி நிலையம். 'முப்பதே நாளில் பி.எல்.சி., ஸ்கேடா, டி.சி.எஸ்.! நூறு சதவீத வேலை வாய்ப்பு உதவி!' ஓய்வு பெற்ற மறுமாசமே நான் அங்கே சாயங்கால வாத்தியார் ஆனேன். வீட்டில் சும்மா இருந்தால் கறிகாய் நறுக்கச் சொல்கிறார்கள் என்பதும் ஒரு காரணம்.

வந்தவர்கள் எல்லாரும் என்ஜினீயர்கள். தூத்துக்குடி, தர்மபுரி, விழுப்புரம் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் யாருமில்லை. நாலு வருஷம் படித்துவிட்டு எதற்கு இங்கே வந்தாய் என்று கேட்டால் பதில் அநேகமாக ஒன்றேதான்: "லேப்லே டிரான்ஸ்மிட்டர் இருந்தது சார். கண்ணாடி பீரோவுலே வச்சுப் பூட்டியிருந்தாங்க. இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்குத் தொறந்து தொடைப்பாங்க."

பாடம் டிராஃபிக் சிக்னலில் ஆரம்பிக்கும். உலகத்தில் எந்தப் பி.எல்.சி. வகுப்பும் அதில்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை பல்பு. ஏணி மாதிரி ஒரு படம். இந்த ஏணிக்கு ஒரு கதை உண்டு. 1968ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ்காரர்கள் கார் மாடலை மாற்றும்போதெல்லாம் சுவர் நிறைய ரிலேக்களையும் ஒயர்களையும் பிய்த்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது. இதற்கு ஒரு வழி பண்ணுங்கள் என்றார்கள். டிக் மார்லி என்பவரும் கூட்டாளிகளும் ஒரு பெட்டி செய்தார்கள். அவர்களுடைய 84வது பிராஜெக்ட் என்பதால் 'மோடிகான் 084' என்று பெயர். உள்ளே கம்ப்யூட்டர்தான். ஆனால் எலெக்ட்ரீஷியன் பயந்துவிடக் கூடாது என்று, அவர் ஆயுசு பூராவும் பார்த்துப் பழகின ரிலே படம் மாதிரியே அதற்குப் பாஷை வைத்தார்கள். இத்தனை கருணையோடு செய்யப்பட்ட சாமான் இன்னொன்று இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாது.

வகுப்பில் சிக்னல் பிரமாதமாக வேலை செய்யும். முடிந்து கீழே இறங்கிப் பனகல் பார்க் பக்கம் வந்தால், ஒரு போலீஸ்காரர் சிக்னலை அணைத்துவிட்டுக் கையாலேயே எல்லாரையும் அனுப்பிக்கொண்டிருப்பார். "சார், இது என்ன மோட்?" என்பான் ஒரு பையன். "மேனுவல். நீ வேலைக்குப் போற எடத்துலேயும் இப்படித்தான் வச்சிருப்பான். ஏன்னு கேளு. காரணம் இருக்கும்" என்பேன்.

பி.ஐ.டி. என்று ஒன்று. பையன்கள் நடுங்குகிற மூன்றெழுத்து. நிகோலஸ் மினோர்ஸ்கி என்பவர் 1922ல், கப்பலில் சுக்கான் பிடிக்கிற அனுபவசாலி என்ன செய்கிறார் என்று பார்த்துக் கணக்காக எழுதிய சங்கதி இது. நான் கப்பலையெல்லாம் இழுப்பதில்லை. ரேங்க் கார்டு பார்க்கும் அப்பாவை வைத்துச் சொல்லிக் கொடுப்பேன். இன்றைக்கு எவ்வளவு மார்க் குறைந்ததோ அந்த அளவுக்கு அடி, அது பி. "ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து நீ கொறைச்ச மார்க்கையெல்லாம் கூட்டினா..." என்று பழைய பாக்கியைச் சேர்த்து அடித்தால் அது ஐ. "போன பரீட்சைக்கும் இதுக்கும் நடுவுலே இவ்வளவு வேகமா எறங்கறியே, இப்படியே போனா மாடு மேய்க்கத்தான்" என்று வரப்போவதற்கு அடித்தால் டி. மூன்றும் கலந்த அளவு சரியாக இருந்தால் பையன் தேறுவான். ஐ ஜாஸ்தியானால் வீட்டை விட்டு ஓடிவிடுவான். எந்த அளவில் கலப்பது என்பதற்கு 1942ல் ஸீக்லர், நிக்கோல்ஸ் என்று இருவர் விதி எழுதினார்கள். அப்பாக்களுக்கு இன்னும் யாரும் எழுதவில்லை.

*

இப்படிச் சிரித்துக்கொண்டே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வகுப்புக் கம்ப்யூட்டரில் ஒரு தொட்டி வரும். நீலத் தண்ணீர் ஏறும், இறங்கும். அந்தத் தொட்டி பொய்யே சொல்லாது. ஐம்பது சதவீதம் என்றால் ஐம்பதுதான். நிஜத் தொட்டி அப்படியா?

1985. வட சென்னையில் ஒரு தொழிற்சாலை. நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம். பாய்லரில் தண்ணீர் மட்டம் மிகவும் குறைந்தால் நெருப்பைத் தானே அணைக்கிற பாதுகாப்பு ஒன்று உண்டு. அது அன்று சாயங்காலம் இரண்டு தடவை காரணமில்லாமல் அணைத்துவிட்டது. உற்பத்தி நின்றது. மேலே இருந்தவர், "ராத்திரிக்கு மட்டும் ஜம்பர் போட்டு விடு. காலம்பற பாத்துக்கலாம்" என்றார். எழுத்தில் இல்லை, வாய் வார்த்தை. நானும் இரண்டு டெர்மினலுக்கு நடுவில் ஒரு ஒயர்த் துண்டைச் சொருகினேன். லாக் புக்கில் எழுதவில்லை. அரை சாண் ஒயர். அதற்கு என்ன எழுதுவது?

ராத்திரி மூன்று மணி. கன்ட்ரோல் ரூமில் ஏ.சி. குளிருக்குக் காதில் மஃப்ளர். தண்ணீர் மட்டம் காட்டுகிற சார்ட்டில் பேனா 52ல் நின்று கோடு போட்டுக்கொண்டிருந்தது. வைக்கவேண்டியது 50. இரண்டு கூட. திருப்தியாக உட்கார்ந்திருந்தேன்.

பாய்லர் ஆபரேட்டர் காசிமேட்டுக்காரர். என் அப்பா வயசு. டீ டம்ளரோடு வந்து சார்ட்டுக்கு முன்னால் நின்றார்.

"இன்னா சார், கோடு ஸ்கேல் வச்சுப் போட்ட மாரி போவுது?"

"கன்ட்ரோல் நல்லா இருக்கு அண்ணே" என்றேன் பெருமையாக.

"கொதிக்கிற தண்ணி சார் அது. சொம்பு தண்ணி கொதிச்சாலே தளதளங்குது. அரை அவரா ஆடாம அசையாம நிக்குமா?"

டம்ளரை வைத்தார். ஓடினார். நானும் பின்னாலேயே இரும்புப் படிகளில் ஏறினேன். டிரம்மின் கேஜ் கிளாஸில் டார்ச் அடித்தார். குழாயைத் திறந்து ஊதிப் பார்த்தார். கண்ணாடியில் தண்ணீர் இல்லை. ஒரு பொட்டு இல்லை.

நான் செய்ய நினைத்த முதல் காரியம் என்ன தெரியுமா? தண்ணீர் வால்வைத் திறப்பது. தண்ணீர் இல்லை, ஆகவே தண்ணீர் விடு! கை வீலில் விழுந்துவிட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த இழுப்பில் வாட்ச் ஸ்டிராப் அறுந்தது.

"காஞ்ச டியூப்லே பச்சத் தண்ணி உட்டா வெடிச்சுப்பூடும்! மொதல்ல நெருப்ப நிறுத்து!"

'சார்' போய்விட்டது. அன்றைக்கு அந்த மரியாதைக்குத்தான் நான் தகுதி. பர்னரை நிறுத்தினோம். ஸ்டீம் போகிற வழியை மெதுவாக மூடினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நடந்தது இவ்வளவுதான்: டிரான்ஸ்மிட்டருக்குப் போகிற விரல் தடிமன் குழாயில் துரு அடைத்துவிட்டது. உள்ளே சிக்கிக்கொண்ட அழுத்தத்தை வைத்துக்கொண்டு அது 52 என்று காட்டியபடியே இருந்தது. கன்ட்ரோலர் பாவம், 'ரெண்டு கூட இருக்கே' என்று தண்ணீர் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தது. பழைய பாக்கியைக் கூட்டுகிற ஐ இருக்கிறதே, அதன் உபயம். எல்லாரும் தத்தம் கடமையை ஒழுங்காகச் செய்தார்கள். காப்பாற்ற வேண்டிய ஒன்றை மட்டும் நான் ஒயர் போட்டுத் தூங்க வைத்திருந்தேன். அந்த ஆபரேட்டர் என்ஜினீயரிங் படித்தவர் இல்லை. பாய்லர் அட்டெண்டண்ட் சர்டிபிகேட், இருபது வருஷம். அவ்வளவே.

இது என் ஒருவன் கதை என்று நினைக்காதீர்கள். 1979 மார்ச்சில் அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்ட் அணு உலையில் ஒரு வால்வு மூடாமல் திறந்தே கிடந்தது. போர்டில் விளக்கு 'மூடியாச்சு' என்கிற மாதிரி இருந்தது. அந்த விளக்குக்குத் தெரிந்ததெல்லாம் மூடச் சொல்லி உத்தரவு போனது மட்டுமே. மூடியதா என்பது அல்ல. 'பையன்கிட்டே சொல்லிட்டேன்' என்பதற்கும் 'பையன் செஞ்சுட்டான்' என்பதற்கும் உள்ள வித்தியாசம்! உலையின் உள்பகுதி கிட்டத்தட்டப் பாதி உருகியது. 2005 மார்ச்சில் டெக்ஸாஸ் சிட்டி ரிஃபைனரியில் ஒரு கோபுரம். மட்டம் சுமார் எட்டு அடி, அதுவும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று மீட்டர் சொன்னது. நிஜத்தில் நூற்றைம்பது அடிக்கு மேல் நிரம்பியிருந்தது. வழிந்தது, தீப்பிடித்தது. 15 பேர் செத்துப்போனார்கள்.

அங்கே 'மோட்டாரை அணைங்கோ' என்று கத்த ஒரு மாமி இல்லை.

*

வகுப்பில் ஒரு திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். முதல் பெஞ்ச், நோட்டில் மணி மணியாக எழுதுவான். கோர்ஸ் முடிந்த பிறகும் சாயங்காலம் வந்து உட்கார்ந்திருப்பான். வேலை? இரண்டு இடத்துக்கு அனுப்பினார்கள். ஒன்று வாட்டர் பியூரிஃபயர் விற்பது. இன்னொன்றில் ஒரு பெரியவர் கேட்டாராம்: "டிரான்ஸ்மிட்டர்லே 12 மில்லி ஆம்பியர் வருது. டாங்க்லே எவ்வளவு?" பாதி என்று டக்கென்று சொன்னான். நாலிலிருந்து இருபது வரை அளவு, நடுவில் பன்னிரண்டு. சரியான பதில். "டாங்க் காலியாம், என்ன பண்ணுவே?" என்றார் அடுத்ததாக. முழித்தான்.

"கம்ப்யூட்டர்லே அப்படி வரவே இல்லையே சார்..." என்றான் என்னிடம்.

"ஃபீஸுக்கு என்ன பண்ணினே?"

"அம்மா செயினு சார். பேங்க்லே கெடக்கு."

அந்த ஃபீஸில் ஒரு பங்கு மாசாமாசம் கவரில் என் பாக்கெட்டுக்கும் வந்துகொண்டிருந்தது. அந்த ராத்திரி பஸ்ஸில் ஆழ்வார்பேட்டை தாண்டுகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். 'நூறு சதவீத உதவி' போர்டை எழுதியது நான் இல்லை. அதற்குக் கீழே தினமும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனவன் நான்தானே?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரிச்சி தெருவில் பழைய பிரஷர் டிரான்ஸ்மிட்டர் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். மொட்டை மாடியில் 200 லிட்டர் பீப்பாய், பக்கவாட்டில் உள்மட்டம் தெரிய ஒரு கண்ணாடிக் குழாய். அந்தப் பையனோடு ஐந்து பேர் வந்தார்கள். காசு கிடையாது, மாமியின் வடாமை மிதிக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

ஏன் பூஜ்யத்திலிருந்து இல்லாமல் நாலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்? "கீரைக்காரி கூப்பிட்டா 'இன்னிக்கு வேண்டாம்'னு ஒரு குரல் வந்தா அது நாலு. பதிலே வரலைன்னா வீட்டுலே ஆளில்லேன்னு அர்த்தம், அது பூஜ்யம். ஒயர் அறுந்தா பூஜ்யம். தொட்டி காலின்னா நாலு" என்றேன். மாமியே தலையை ஆட்டினாள்.

பிறகு அவர்கள் டீ குடிக்கப் போன சமயம் டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் குழாய்க்குள் பபிள்கம்மை மென்று அடைத்தேன். பேரன் உபயம். பீப்பாயைத் திறந்துவிட்டேன். திரும்பி வந்தவர்கள் மீட்டரையே பார்த்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 12... 12... 12... தண்ணீர் காலடியில் ஓடி மாடிப்படியில் இறங்குகிறது, ஒருவனும் குனியவில்லை! எட்டு நிமிஷம். கடைசியில் திருநெல்வேலிக்காரன்தான், "சார், கோடு ஆடலையே" என்று எழுந்துபோய்க் கண்ணாடிக் குழாயைப் பார்த்தான்.

அவனைத் தரமணிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சி.ஐ.டி. வளாகத்துக்குள் அப்ரெண்டிஸ் பயிற்சிக்கென்று தென் மண்டல போர்டு இருக்கிறது. 1961லேயே அப்ரெண்டிஸ் சட்டம் வந்தாயிற்று; 1973ல் டிகிரி, டிப்ளமாக்காரர்களையும் அதில் சேர்த்தார்கள். ஒரு வருஷம் நிஜ ஆலையில் பயிற்சி, ஃபீஸ் கட்ட வேண்டாம், அவர்களே உதவித்தொகை தருவார்கள். அதில் குறைந்தபட்சத் தொகைக்குப் பாதி மத்திய அரசாங்கம் கொடுக்கும். தி.நகர் சந்தில் அம்மா செயினை வைத்துப் படிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. நானும் வகுப்பில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பெஞ்ச் காலியாகியிருக்கும். அந்த மாசத்தோடு சந்து வாத்தியார் வேலையை விட்டேன்.

திரும்பும்போது கோட்டூர்புரம் பாலத்தில் நின்றோம். கீழே அடையாறு, வழக்கம்போல் ஆறு மாதிரி இல்லாமல்.

"2015லே இது எங்கே வரைக்கும் வந்தது தெரியுமா?" என்று கேட்டேன். அவன் அப்போது பள்ளிக்கூடம். டிசம்பர் 2ந் தேதி காலையோடு முடிந்த இருபத்துநாலு மணி நேர மழைக் கணக்கில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. ஏற்கெனவே கிட்டத்தட்ட நிரம்பிக் கிடந்த ஏரியிலிருந்து அந்த ராத்திரி வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். வழியில் மற்ற ஏரிகளின் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. இந்த வீடுகளின் முதல் மாடி வரைக்கும் ஆறு ஏறி வந்தது.

"முன்னாடியே தொறந்து எடம் பண்ணி வச்சிருக்கணும் சார். முட்டுக்கட்டை மாதிரி" என்றான்.

"சரி. மழை வரலைன்னா? அதே ஏரி 2019 கோடையிலே காஞ்சு வெடிச்சுக் கெடந்தது. தண்ணி லாரிக்குப் பின்னாலே குடத்தோட ஓடினோம். முன்னாடியே தொறந்து விட்டவனை ஊர் என்ன சொல்லியிருக்கும்?"

பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தான். "அப்ப செட் பாயிண்ட்டு எவ்வளவு சார் வைக்கணும்?"

முப்பத்தைந்து வருஷ சர்வீஸ். பதில் தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

அவனுக்கு ஒரு ஆலையில் அப்ரெண்டிஸ் இடம் கிடைத்தது. ஏழெட்டு மாசம் கழித்து ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு போன். சுப்ரபாதத்துக்கு முக்கால் மணி முன்னால்.

"சார், நான்தான் பேசுதேன். ராத்திரி ஷிப்ட்டுலே ஒரு லெவல் சார், கோடு நேராவே போச்சு. ஒரு மணி நேரமா. யாருகிட்டயும் கேக்காம டாங்க் மேலே ஏறிப் பாத்துட்டேன் சார்."

என் தூக்கம் பறந்தது. "அப்புறம்?"

"ஒண்ணுமில்ல சார். அந்த டாங்க்கே சர்வீஸ்லே இல்லியாம். வால்வு ரெண்டு பக்கமும் மூடிப் பூட்டுப் போட்டிருக்கு. ஷிப்ட் இன்சார்ஜ் சிரியா சிரிச்சாரு. எல்லாரும் என்னை 'நேர்கோடு'ன்னு கூப்பிடுதாவ சார்."

"லாக் புக்லே எழுதினியா?"

"எழுதிட்டேன் சார். டாங்க் நம்பர், டைம், நேர்லே போய்ப் பாத்தேன்னு. கையெழுத்தும் போட்டுட்டேன்."

மாடியில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. போனைக் காதில் வைத்தபடியே எழுந்து போனேன், தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எட்டிப் பார்க்க.